பூஜ்யப் பொருத்தம்

என் கல்யாணத்தை ஒரு பல்லி நிறுத்தப் பார்த்தது.

சுவரில் ஊரும் பல்லி இல்லை. என் இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே ஒட்டியிருக்கும் பல்லி. மருத்துவமனை அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆனால் உடம்போடு ஒட்டிக்கொண்டு, காலையில் ‘டிச் டிச்’ என்று சத்தம் போட்டு, வரப்போவதைச் சொல்கிற ஒன்றைக் கோயமுத்தூர்க்காரர்கள் வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? வந்த முதல் வாரத்திலேயே அது பல்லி ஆகிவிட்டது. இப்போது டாக்டர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

என் பெயர் தாரிணி. தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில், வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கும் வேலை. எனக்கு முடக்கு வாதம், கல்லூரி முடித்த வருடத்திலிருந்து. “மோட்டார் சத்தம் மட்டும் போடுதுங்க, வேலை நடக்க மாட்டேங்குதுங்க” என்று விவசாயிகள் புலம்பும்போது, என் முழங்காலைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும்.

புதிய மருந்து வந்தபோது டாக்டர் நஸ்ரின்தான் எனக்கு விளக்கிச் சொன்னார்.

“உங்க உடம்புக்குள்ள சின்னதா ஒரு மருந்துப் பண்ணை வெக்கறோம் தாரிணி. எல்லாம் உயிருள்ள செல்கள். பத்துப் பன்னெண்டு நாள் மும்முரமா மருந்து சுரக்கும். அப்புறம் களைச்சுப் போய் அதே மாதிரி பத்துப் பன்னெண்டு நாள் தூங்கும்.”

“அது தூங்கறப்போ டாக்டர்?”

“வலி முழிச்சுக்கும்.”

“தட்டி எழுப்ப முடியாதுங்களா?”

“முடியாது. ஆனா எப்பத் தூங்கும், எப்ப எந்திரிக்கும்னு முன்னாடியே சொல்ல முடியும். அதுக்குத்தான் கையில ஒட்டற இந்தப் பட்டை. நல்ல நாள்னா பச்சை காட்டும், வலி நாள்னா சிவப்பு. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிரும். தப்பாது.”

தப்பவில்லை. நான் குதித்தேன், அதாவது பச்சை நாளில் குதித்தேன். ஆனால் என் நாட்காட்டி எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கும் என்று நினைத்தது என் மடத்தனம். கொஞ்ச நாளில் ஆபீஸ் கேட்டது, சொந்தக்காரர்கள் கேட்டார்கள். முன்பெல்லாம் விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள், போக முடியுமா என்பது என் கவலை. இப்போது கூப்பிடும் முன்பே, “அன்னிக்கு உனக்கு என்ன கலர்?” என்கிறார்கள். என் சித்தி மகளின் வளைகாப்புக்கு எனக்குச் சொல்லவே இல்லை. “செவப்புன்னு பார்த்தோம் சாமி, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டோம்” என்றார் சித்தி, ரொம்பப் பெரிய மனதோடு. எனக்கு வந்ததே கோபம். சிவப்பு என்றால் வலிக்கும். தாரிணி செத்துவிட்டாள் என்று அர்த்தமில்லை.

சபரீசனைச் சந்தித்தது மருத்துவமனை வராண்டாவில். எனக்குப் பச்சை தொடங்கிய நாள். எதிரே ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பல்லால் கடித்தார், சட்டைக்குள் வைத்துத் திருகினார், கடைசியில் அதைக் கெஞ்ச ஆரம்பித்தார். நான் வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்தேன்.

“மிக்க நன்றி” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏனுங்க, நீங்க… பஸ்ஸுங்களா?”

“பஸ்ஸேதானுங்க” என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “கதவுப் பக்கம் நிற்க வேண்டாம்” என்றார்.

கோயமுத்தூரில் ஓட்டுநர் இல்லாத பஸ்கள் எல்லாவற்றிலும் பேசுகிற குரல் அது. லாலி ரோடு, வடவள்ளி, சிங்காநல்லூர் என்று ஊரையே கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடும் குரல். அதற்குச் சொந்தக்காரரால் ஒரு பாட்டிலைத் திறக்க முடியவில்லை என்பது எனக்கு அப்படியொரு சந்தோஷத்தைக் கொடுத்தது. அடுத்த முறை எனக்குச் சிவப்பு, அவருக்குப் பச்சை. என் பாட்டிலை அவர் திறந்தார். அதற்கடுத்த முறை நான். இப்படி ஒரு வருடம் பாட்டில் திறந்தே பழகினோம். ஒரு நாள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, “அடுத்த நிறுத்தம் கல்யாணம். இறங்க வேண்டியவர்கள் இப்போதே சொல்லிவிடவும்” என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சரி என்று தலையாட்டக்கூட முடியவில்லை. வாயால்தான் சொன்னேன்.

ஜாதகம் பார்த்தார்கள். பத்துக்கு ஏழு. என் அம்மா பாயசத்துக்கே ஏலக்காய் தட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் சபரீசனின் அக்கா கவிநயா, “பல்லியும் பார்த்தறலாமுங்களா?” என்றார். எங்கள் மாதிரி ஆட்களுக்கு இப்போது அதுவும் பார்க்கிறார்கள். பல்லியின் நாட்காட்டி இருக்கிற இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் எத்தனை பச்சை நாள் என்று வந்துவிடும்.

பூஜ்யம் என்று வந்தது.

வருடம் முழுக்கத் தேடியும் ஒரு நாள் சிக்கவில்லை. எனக்குப் பச்சை என்றால் அவருக்குச் சிவப்பு. அவருக்குப் பச்சை என்றால் எனக்குச் சிவப்பு. அம்மா ஏலக்காய்க் கையோடு வந்து பார்த்துவிட்டு, “ஒரு கோயிலுக்குச் சேர்ந்தாப்ல போகோணும்னா எப்படீங்க?” என்று அழ ஆரம்பித்தாள்.

கவிநயா கெட்டவர் இல்லை. தம்பியை எட்டு வயதிலிருந்து வளர்த்தவர். “அம்மிணி, தப்பா நெனச்சுக்காதே. அவன் நல்லா இருக்கறதே மாசத்துல பாதி நாளு. அந்தப் பாதியும் உனக்குக் கஞ்சி காச்சியே போயிரும். உன்ற பாதி அவனுக்கு ஒத்தடம் குடுத்தே போயிரும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எப்பத்தான் வாழுவீங்க?” என்றார். கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து நடுங்கினேன்.

டாக்டர் நஸ்ரினிடம் ஓடினோம். அவரைப் பிடிப்பதே பெரும்பாடு. மாதத்தில் பாதி நாள் ஏதாவது வெளியூர் மாநாட்டுக்குப் போய்விடுவார். உலகத்திலேயே அதிக மாநாடு பார்த்த டாக்டர் அவராகத்தான் இருக்கும். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைக் கோட்டைக் கழற்ற மாட்டார்.

“மாத்தலாம்” என்றார். “ஒரு ஊசி இருக்கு. போட்டா செல்கள் எல்லாம் மொத்தமாத் தூங்கிரும். ஒரு மாசம் முழுக்கச் சிவப்பு. அப்புறம் நாம வேணுங்கற நாள்ல எழுப்பிக்கலாம். ஆனா ஆயுசுக்கும் ரெண்டு தடவைதான். மூணாவது போட்டா எந்திரிக்கவே எந்திரிக்காது.”

“எனக்குப் போடுங்க” என்று சபரீசன் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். மடிக்க வரவில்லை, அன்று அவருக்குச் சிவப்பு. நான்தான் மடித்துவிட்டேன்.

டாக்டர் ஊசியை எடுக்காமல், “கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுல வேற யார் யார் இருப்பீங்க?” என்று கேட்டார்.

“நாங்க ரெண்டு பேரு மட்டும்தானுங்க!” என்றேன் பெருமையாக.

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். “ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுங்களேன்” என்றார். யோசிக்கிற நிலையிலா இருந்தோம்? அன்றே அவருக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தோம்.

அந்த ஒரு மாதம் சபரீசன் பட்ட பாடு சொல்லி மாளாது. எனக்குப் பச்சையாக இருந்த நாளெல்லாம் வடவள்ளியில் அவர் வீட்டில்தான் கிடந்தேன். ஒத்தடம் கொடுத்தேன். நகம் வெட்டிவிட்டேன். உப்புமாவை அடிப்பிடிக்க விட்டேன். “வலது புறம் தாரிணி வருகிறார், கையில் கருகிய உப்புமா, பயணிகள் கவனமாக இருக்கவும்” என்று படுக்கையிலிருந்தே அறிவிப்பு வரும். மோட்டார் புகார்களை நான் நடித்துக் காட்டுவேன். அவர் சிரிப்பார், சிரித்தால் விலா வலிக்கும், வலித்தால் முனகுவார், அந்த முனகல் பஸ் பிரேக் மாதிரி இருக்கிறது என்று மறுபடி சிரிப்போம். அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை. கல்யாண ஆசைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் பச்சையான ஒரு நாளில் முகூர்த்தம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மீதி இரண்டும் நாத்தனார் முடிச்சு. ஒரு மாதம் விரல் மடங்காமல் கிடந்த மனிதர் அல்லவா, முதல் முடிச்சு விழுந்ததும் கையை நிறுத்த முடியவில்லை. மூன்று முடிச்சையும் அவரே போட்டு, போதாதென்று நாலாவதாக ஒன்றும் போட்டுவிட்டார். பின்னால் குனிந்து நின்ற கவிநயா, “டேய், என்ற முடிச்சு எங்கடா?” என்று மண்டபமே அதிரக் கேட்டார். பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றுகிற வரைக்கும் தம்பியோடு பேசவில்லை.

பச்சை நாட்களில் நாங்கள் ஆடிய ஆட்டத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தோற்றார்கள். ஊட்டி, பழனி, தொட்டி கழுவுதல், துணி எடுத்தல், சொந்தக்காரர் வீட்டு விருந்து. சிவப்பு வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நேரமில்லை.

பிறகு ஒரு காலையில் இரண்டு பல்லிகளும் ஒன்றாகச் சத்தம் போட்டன.

அதை எப்படிச் சொல்வது? வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்தது, எடுக்க ஆள் இல்லை. தயிர் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் இரண்டு பேரும் வெறும் சோறு தின்றோம். ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. அதனால் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரைக்கும் தென்னையில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று பார்த்தோம். எங்களிடம் தென்னை இல்லை.

“கொஞ்சம் தண்ணி எடுத்துத் தர்றீங்களா?” என்று நான் கேட்டால், “நானே எந்திரிக்க முடியாமக் கெடக்கறேன்” என்பார். “எனக்குத் தோளுங்க, உங்களுக்கு மணிக்கட்டுதானே” என்பேன். யாருக்கு வலி அதிகம் என்று பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சுக்கு முடிவே கிடையாது. பஸ் குரல் வீட்டில் கேட்பதே நின்றுபோயிற்று. மூன்றாவது சிவப்பில் அது முற்றியது.

“செவப்பு முடியற வரைக்கும் நான் அக்கா வீட்டுல இருந்துக்கறேன்” என்றார்.

“நானும் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்றேன். “ஒவ்வொரு செவப்புக்கும் போயிருவோம். பச்சைக்கு மட்டும் வந்து குடும்பம் நடத்துவோம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்படித்தானே என் சித்தியும் ஊரும் என்னை வைத்திருந்தார்கள்? பச்சைக்குக் கூப்பிட்டு, சிவப்புக்கு மறந்து. அதையே இப்போது நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யப் போகிறோம்.

இரண்டு பெட்டிகளை எடுத்துத் துணி அடைத்தோம். அவர் பெட்டியின் ஜிப்பை அவரால் இழுக்க முடியவில்லை. என் ஜிப்பை என்னால் இழுக்க முடியவில்லை. வாய் பிளந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவதற்கும் ஒரு நல்ல விரல் வேண்டியிருக்கிறது.

முதலில் சிரித்தது அவர்தான்.

“ஏனுங்க, அந்த ஊசி போட்ட மாசம் ஞாபகம் இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“அதைவிட நல்ல மாசம் எனக்கு வந்ததே இல்லை அம்மிணி.”

“எனக்குந்தானுங்க.”

“எனக்கு உயிர் போற வலி.”

“ஆமாங்க. ஆனா நான் நல்லா இருந்தேன். உங்களைப் பார்த்துக்கறதுக்கு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரும்ப நேரமாயிற்று, கழுத்து அப்படி. “அப்போ பூஜ்யம்னு வந்துதே, அது…”

“பூஜ்யம் இல்லீங்க அது. நூத்துக்கு நூறு. பாக்கத் தெரியாம பார்த்துட்டோம்.”

பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். கதவுப் பக்கம் நிற்க வேண்டாம் என்று அவரே எங்களை எச்சரித்தார்.

“எங்களைப் பிரிச்சு விட்டுருங்க டாக்டர்” என்றேன், நாற்காலியில் உட்காரும் முன்பே.

“அதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும்மா” என்றார் டாக்டர் நஸ்ரின். மறுநாள் மாநாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். மேஜையில் காகிதங்கள் கலைந்து கிடந்தன.

“அப்படி இல்லீங்க. பழையபடி ஒருத்தர் பச்சை, ஒருத்தர் செவப்புன்னு ஆக்கி விடுங்க. யாராவது ஒருத்தர் தயிர் பாக்கெட்டைப் பிரிக்கோணுமில்லீங்களா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “இன்னொரு ஊசி போடணும். யாருக்கு?”

“எனக்கு” என்றோம் இரண்டு பேரும்.

“எனக்கு ஒரு தடவை பழக்கமாயிருச்சு, டாக்டர்” என்றார் சபரீசன்.

“நல்லா இருக்குதே! உங்களுக்கு ரெண்டும் தீர்ந்துரும். இந்தத் தடவை என்ற முறை. அந்த ஒரு மாசம் படுத்துக்கிட்டு நீங்க கருக விடற உப்புமாவை நான் சாப்பிடோணும்.”

“நான் கருக விட மாட்டேன்.”

“அதையும் பார்த்தறலாமுங்க.”

ஊசிக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேரை அந்த மருத்துவமனை அதுவரை பார்த்திருக்காது. “சாட் பூட் த்ரீ போட்டுக்கலாம்” என்றேன். “அதுக்கு மூணு பேர் வேணுமே” என்றார் சபரீசன். இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்தோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட வேண்டும். உள்ளங்கை மேலே தெரியலாம், அல்லது கீழே பார்க்கலாம். யார் கை தனியாக நிற்கிறதோ அவருக்கே ஊசி.

டாக்டர் அதிசயமாக ஒத்துக்கொண்டார். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சிவப்பில் சபரீசனின் மணிக்கட்டு திரும்பாது. அவர் கை கீழே பார்த்துத்தான் வரும். எனக்கு மடங்காதது விரல்தான், மணிக்கட்டு நன்றாகத் திரும்பும். டாக்டர் மட்டும் கையைக் கீழே காட்டினால் போதும், ஊசி எனக்குத்தான். யாருக்கும் தெரியாமல் டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

“சாட்… பூட்… த்ரீ!”

என் உள்ளங்கை மட்டும் மேலே தெரிந்தது. மற்ற இரண்டு கைகளும் கீழே பார்த்தன. “எனக்குத்தான்!” என்று கத்தியே விட்டேன்.

“இது ஏமாத்து வேலைங்க!” என்றார் சபரீசன். “இவ கண்ணடிச்சதை நான் பார்த்தேன். டாக்டர், நீங்களும் இவளோட கூட்டா?”

டாக்டர் நஸ்ரின் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டெல்லாம் இல்லை” என்றார். “எனக்கும் திரும்பாது.”

இடது கையால் கோட்டை மெதுவாகத் தோளிலிருந்து இறக்கினார். தோளுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பல்லி இருந்தது. அதில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.



“என் கணவருக்கும் இதேதான். இதே வராண்டாவுலதான் பார்த்துக்கிட்டோம்” என்றார். “நான் சேர்த்து வெச்ச முதல் ஜோடி நாங்கதான். முதல் தடவை நாலு நாள் தள்ளிப் போச்சு. அதைச் சரி பண்ண அவர் ஒண்ணு போட்டாரு, அப்புறம் நான் ஒண்ணு. இப்படி ஒருத்தரை ஒருத்தர் துரத்தி நாலு ஊசியும் தீர்ந்துபோச்சு. இப்ப ரொம்பக் கச்சிதமா ஒண்ணா இருக்கோம். பச்சையும் ஒண்ணா, சிவப்பும் ஒண்ணா.”

“அப்போ மாநாடுங்க?” என்றேன்.

“வீட்டுலதான்” என்று சிரித்தார். “உங்களுக்கு வேண்டாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். கல்யாணம் நின்னு போயிருமேன்னு நீங்க பயந்த மாதிரிதான் நானும் ஒரு காலத்துல பயந்தேன். எங்களுக்கு வராதது உங்களுக்காவது சரியா வரும்னு நெனச்சுட்டேன்.”

எனக்கு ஊசி போடும்போது அவர் கைக்குப் பிடி போதவில்லை. சபரீசன் கீழே பிடித்துக்கொண்டார், நான் மேலே பிடித்துக்கொண்டேன். மூன்று சிவப்புகள் சேர்ந்து ஒரு ஊசியைப் போட்டு முடித்தோம்.

என் சிவப்பு மாதம் பிரமாதமாகப் போயிற்று. வலித்ததா என்றால் வலித்தது, அழுதேன். அவருக்கும் சேர்ந்து சிவப்பான நாட்களில் கவிநயா அண்ணி வந்து சமைத்துப் போட்டார். அவர் பச்சையான நாட்களில் உப்புமா கருகியது. “இடது புறம் கருகிய உப்புமா” என்று படுக்கையிலிருந்து நானே அறிவித்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் போய், “அவ என்னமோ செவப்புலயும் பல்லைக் காட்டீட்டே கெடக்கறா” என்று ஊரெல்லாம் சொன்னாளாம். என் சித்திகூடக் கலர் கேட்காமல் ஒரு நாள் போன் செய்தார்.

மாதம் முடிந்தது. போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பூஜ்யம் என்று வந்தது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டோம், வலிக்காத பக்கமாகப் பார்த்து.

டாக்டரின் அடுத்த மாநாடு தொடங்கிய அன்று எனக்குப் பச்சை. உக்கடத்தில் அவர் வீட்டு மணியை அடித்துவிட்டு, அவசரமில்லை, மெதுவாக வாங்க என்று வெளியிலிருந்தே கத்தினேன். கதவு திறக்க ரொம்ப நேரமானது. உள்ளே அவர் கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை முறைத்துக்கொண்டிருந்தார்.

“இதைப் பார்த்துக்கிட்டேதாம்மா சாப்பிடறோம். தொட்டுக்க முடியலை, பார்த்துக்கறோம்” என்றார்.

ஒரே திருகு. அவர் கை தட்டப் பார்த்தார், முடியாமல் மேஜையைத் தட்டினார். பால் காய்ச்சினேன், ரிமோட்டை எடுத்துக் கொடுத்தேன், தயிரைப் பிரித்து வைத்தேன். கிளம்பும்போது டாக்டர் வாசல் வரை வந்தார்.

“அடுத்த தடவை உங்களுக்குச் சிவப்பு வந்துட்டா சிரமப்படாதீங்க தாரிணி.”

“வந்தா அவர் வருவாருங்க. எங்க வீட்டுல எப்பவும் ஒரு ஆள் பச்சைதானுங்க டாக்டர்.”

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. அதை மறைக்கச் சமையலறைக்குத் திரும்பிப் போய், அந்த வீட்டில் இருந்த எல்லா பாட்டில்களின் மூடியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, லேசாக மட்டும் மூடி வைத்தேன்.

பஸ் வந்தது. ஏறினேன். கதவுப் பக்கம் நிற்க வேண்டாம் என்றது என் வீட்டுக்காரர் குரல்.

“சரீங்க!” என்றேன் சத்தமாக. பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.